பிடி-100 இன்புட் மாட்யூலை அளவுத்திருத்தம் செய்வது எப்படி?

திரையில் வெப்பநிலை தப்பாகத் தெரிந்ததும் பலர் நேராகப் போய் ஆஃப்செட்டில்தான் (அளவோடு கூட்டும் அல்லது கழிக்கும் திருத்த எண்) கை வைப்பார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் சந்தேகம் வயரிங் மேலும் செட்டிங் மேலும் இருக்கட்டும்.

பிடி-100 என்பது சூடு ஏற ஏற மின்தடை கூடும் பிளாட்டினம் வெப்பநிலை சென்சார். மூன்று வயர் பிடி-100 வந்து சேரும் பிஎல்சி (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினி) மாட்யூலை எடுத்துக்கொள்வோம். சான்றிதழ் காலாவதியாகாத டெகேட் ரெசிஸ்டன்ஸ் பாக்ஸ் (வேண்டிய மின்தடையைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும் பெட்டி) ஒன்றும், ஒரே நீளம், ஒரே தடிமனில் மூன்று வயர்களும் வேண்டும்.

1. வயரைக் கழற்றியதும் மாட்யூல் அதை ஓபன் சர்க்யூட் என்று எடுத்துக்கொள்ளும். ஹீட்டரோ மொத்த லைனோ ட்ரிப் ஆகலாம். ஆபரேட்டரிடம் சொல்லி, கட்டுப்பாட்டு லூப்பை மேனுவலுக்கு மாற்றி, இன்டர்லாக் பைபாஸுக்கு (தானாக நிறுத்தும் பாதுகாப்பைத் தற்காலிகமாக விலக்குவதற்கு) முறையாக அனுமதி வாங்கிய பிறகே ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.

2. மாட்யூல் குறைந்தது அரை மணி நேரமாவது ஓடிச் சூடாகியிருக்க வேண்டும்.

3. சென்சார் இருந்த இடத்தில் பாக்ஸை இணையுங்கள். பாக்ஸின் ஒரு முனைக்கு ஒரு வயர், மறுமுனைக்கு இரண்டு. மூன்று வயரின் தடையும் சமம் என்று நம்பித்தான் மாட்யூல் கணக்குப் போடுகிறது. ஒரு டெர்மினல் தளர்ந்து 1 ஓம் கூடினாலே சுமார் 2.6 டிகிரி தள்ளிப்போகும்.

4. இனி எதையும் திருத்தாமல் படித்துக் குறியுங்கள். பிடி-100-க்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60751 அட்டவணைப்படி 100.00 ஓம் என்றால் 0 டிகிரி செல்சியஸ், 119.40 என்றால் 50, 138.51 என்றால் 100, 175.86 என்றால் 200. அளவின் ஆட்டத்தை அடக்கும் ஃபில்டர் இருப்பதால் எண் நிலைக்கச் சற்று நேரமாகும், அவசரப்படாதீர்கள். ஏறுமுகமாக ஒரு தடவை, இறங்குமுகமாக ஒரு தடவை.

5. குறித்ததை இப்போது உட்கார்ந்து பாருங்கள். வேலையின் சாரமே இங்கேதான் இருக்கிறது. எல்லாப் புள்ளியிலும் ஏறக்குறைய ஒரே அளவு வித்தியாசம் என்றால் டெர்மினலையும் வயரையும் பாருங்கள். 0-இல் சரியாக இருந்து, 100-இல் 98.3, 200-இல் 196.6 என்று இடைவெளி வளர்ந்தால்? மாட்யூலின் கெயின் (அளவைப் பெருக்கும் விகிதம்) கெட்டுவிட்டது என்று தோன்றும். பெரும்பாலும் இல்லை. ஒரு டிகிரிக்கு மின்தடை கூடும் விகிதம் 0.00385 என்ற வளைவுக்குப் பதில் பழைய ஜப்பானியத் தரமான 0.003916 வளைவை யாரோ தேர்ந்தெடுத்திருப்பார்கள். செட்டிங்கை மாற்றினால் போதும்.

6. அதற்குப் பிறகும் பிழை அனுமதித்த அளவைத் தாண்டினால் மட்டும் திருத்துங்கள். கீழ்ப்புள்ளியில் ஜீரோவையும் (தொடக்க அளவு), மேல்புள்ளியில் ஸ்பானையும் (முழு வீச்சு) சரிசெய்யுங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும், அதனால் திரும்பவும் ஒரு சுற்று. அப்புறம் எல்லாப் புள்ளிகளையும் மறுபடி படித்து, பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

7. சென்சாரை மாட்டி, அளவு நம்பும்படி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பைபாஸை எடுத்து, லூப்பை ஆட்டோவுக்குத் திருப்புங்கள்.

இதில் சோதித்தது மாட்யூலை மட்டும்தான். சென்சாரைத் தனியாக ட்ரை பிளாக்கில் (குறித்த வெப்பநிலையில் நிற்கும் உலோகக் கட்டியுள்ள கருவி) வைத்துப் பார்க்க வேண்டும்.