‘எழுதியாச்சு’ என்று லினக்ஸ் சொன்னால் டிஸ்க்கில் எழுதியாச்சா?

ஃபைலில் எழுதச் சொல்லி ஒரு புரோகிராம் லினக்ஸுக்கு விடுக்கும் ரைட் அழைப்பு வெற்றி என்று திரும்பினால், டேட்டா ரேமில் இருக்கும் பேஜ் கேஷ் என்ற தற்காலிக இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் பொருள். டிஸ்க்குக்கு இன்னும் போகாத இந்தப் பக்கங்களுக்கு ‘டர்ட்டி’ பக்கங்கள் என்று பெயர். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5 வினாடிக்கு ஒருமுறை விழித்துப் பார்த்து, 30 வினாடி தாண்டியவற்றை டிஸ்க்குக்கு அனுப்பும். நாம் மாற்றாதவரை அளவு இதுதான். நடுவில் கரண்ட் போனால் அரை நிமிட வேலை போச்சு. ஆனாலும் இந்தத் தாமதத்தைக் குறை என்று சொல்ல முடியாது. ஒரே இடத்தில் பத்து முறை எழுதினாலும் டிஸ்க்குக்கு ஒருமுறை போனால் போதும் என்பதில்தான் வேகமே இருக்கிறது. எந்த இடத்தில் காத்திருக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்துப் பார்க்காததால்தான் தவறுகள் வருகின்றன.

முதல் குழப்பம் பஃபரில். சி மொழியின் எஃப்ரைட்டும் பைத்தானின் ரைட்டும் டேட்டாவை முதலில் புரோகிராமின் சொந்த பஃபரில், அதாவது அதன் நினைவகத்தில் உள்ள தற்காலிக இடத்தில், வைக்கின்றன. புரோகிராமை கில் 9 கட்டளை போட்டு அந்தக் கணமே நிறுத்தினால் பஃபரில் இருந்த டேட்டா அதோடு போய்விடும். கெர்னல் கைக்கு வந்தது மட்டும் தப்பிக்கும். எஃப்ஃபிளஷ் டேட்டாவைக் கெர்னல் வரைதான் கொண்டுவரும். டிஸ்க் வரை தள்ளுவது எஃப்சிங்க். ஃபைலை மூடினாலே எஃப்சிங்க் ஆகிவிடும் என்பது வெறும் நம்பிக்கை.

அதிகம் அடிபடுவது செட்டிங்ஸ் ஃபைல்கள். பழைய ஃபைலைத் திறந்து, நீளத்தைப் பூஜ்யமாக்கி, புதிதாக எழுதுகிறார்கள். நடுவில் மெஷின் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. தற்காலிக ஃபைலில் எழுதிப் பெயர் மாற்றுபவர்களும் எஃப்சிங்க்கை விட்டுவிடுகிறார்கள். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். ஈஎக்ஸ்டி3 என்ற பழைய லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தின் காலத்தில் இது பெரும்பாலும் தப்பித்தது. அடுத்து வந்த ஈஎக்ஸ்டி4, டிஸ்க்கில் இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போடும். அதனால் பெயர் மாறிய சேதி டிஸ்க்குக்கு முதலில் போய், உள்ளடக்கம் பின்தங்க, 2009-இல் பலருக்கு பூஜ்யம் பைட் ஃபைல்கள்தான் மிஞ்சின. பிறகு கெர்னல் 2.6.30-இல் இதற்கு ஒரு தடுப்பு சேர்த்தார்கள். எல்லா ஃபைல் சிஸ்டத்திலும் அது இருக்கும் என்று எண்ணி எழுதக் கூடாது.

சரியான வரிசை: அதே டைரக்டரியில் தற்காலிக ஃபைலை எழுது, அதற்கு எஃப்சிங்க் கொடு, பிறகு பெயரை மாற்று, கடைசியில் டைரக்டரிக்கும் எஃப்சிங்க் கொடு. பெயர் என்பது டைரக்டரிக்குள் இருக்கும் டேட்டா என்பதால்தான் அந்தக் கடைசிப் படி. ‘டெம்ப்’ டைரக்டரியில் எழுதிக் கொண்டுவரப் பார்த்தால், அது வேறு ஃபைல் சிஸ்டமாக இருக்கும் இடங்களில் பெயர் மாற்றமே தோற்கும்.

எஃப்சிங்க் பிழை தந்தால் மறுபடி எஃப்சிங்க் கொடுத்துப் பார்ப்பது ஆபத்து. எழுதத் தோற்ற பக்கங்களை லினக்ஸ் ‘சுத்தமானவை’ என்று குறித்துவிடக்கூடும். இரண்டாவது எஃப்சிங்க்கில் அனுப்ப எதுவும் இருக்காது, வெற்றி என்று வரும், டேட்டா டிஸ்க்கில் இருக்காது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸை உருவாக்கும் குழுவே 2018-இல்தான் இதை உணர்ந்தது. 2019 பிப்ரவரியில் வந்த 11.2 முதல், எஃப்சிங்க் தோற்றால் சர்வர் தானாகவே விழுந்து, மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் லாக்கிலிருந்து மீண்டு எழுகிறது. உங்கள் புரோகிராமிலும் மூல டேட்டாவிலிருந்து மறுபடி எழுதுங்கள், முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

இதையெல்லாம் படித்துப் பயந்து ஒவ்வொரு வரிக்கும் எஃப்சிங்க் போடுவதும், எழுதுவதெல்லாம் உடனே டிஸ்க்குக்குப் போக வைக்கும் சிங்க் ஆப்ஷனோடு டிஸ்க்கையே மவுண்ட் செய்வதும் மறுகோடி. 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி எடுக்கும். ஒற்றைத் திரெட்டில் ஒன்றன்பின் ஒன்றாக கமிட் செய்தால் (மாற்றத்தை டிஸ்க்கில் உறுதி செய்தால்) வினாடிக்குச் சுமார் 120-தான் கிடைக்கும். ஆயிரம் வரிகளை, ஒரே கமிட்டில் முடியும் ஒரே டிரான்சாக்‌ஷனில் சேருங்கள். கேஷைக் காக்கும் பேட்டரி உள்ள ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை இணைத்து நடத்தும் அட்டை) இல்லாத அந்த டிஸ்க்கில் வினாடிக்கு 5000 கமிட் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், டிஸ்க் தன் கேஷில் வாங்கி வைத்துக்கொண்டே ‘எழுதியாச்சு’ என்கிறது.

டேட்டாபேஸில் வேகம் வேண்டுமென்று எஃப்சிங்க்கையே அணைப்பவர்கள் உண்டு. கரண்ட் போனால் டேட்டாபேஸே சிதையலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் அதற்குப் பதில் சிங்க்ரனஸ் கமிட்டை, அதாவது டிஸ்க்கில் சேரும்வரை காத்திருக்கும் கமிட்டை, ஆஃப் செய்யலாம். இயல்பு அமைப்பில் அதிகபட்சம் 0.6 வினாடி டிரான்சாக்‌ஷன்கள் போகும், டேட்டாபேஸ் சிதையாது. பணக் கணக்குக்கு வேண்டாம். பக்கப் பார்வைகளை எண்ணும் டேபிளுக்குத் தாராளமாகச் செய்யலாம்.

ரேம் அதிகமுள்ள சர்வரில் இன்னொரு சிக்கல். ரேமில் எவ்வளவு வரை டர்ட்டி பக்கங்கள் சேரலாம் என்ற எல்லைக்கு டர்ட்டி ரேஷியோ என்று பெயர். அதன் இயல்பு அளவு 20 சதவீதம். 64 ஜிபி ரேம் பெரும்பாலும் காலியாக இருந்தால், 12 ஜிபி வரை டர்ட்டி பக்கங்கள் சேரலாம். வினாடிக்கு 150 எம்பி எழுதும் டிஸ்க்குக்கு அது 80 வினாடி வேலை. எல்லையை எட்டியதும் எழுதுபவர்களைக் கெர்னல் காக்க வைக்கும், சர்வர் உறைந்ததுபோல் தெரியும். அப்போது எல்லையை இன்னும் உயர்த்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சதவீதத்தை விட்டுவிட்டு, டர்ட்டி பைட்ஸ் அமைப்புகளில் பின்னணி எல்லையை (யாரையும் காக்க வைக்காமல் டிஸ்க்குக்கு அனுப்பத் தொடங்கும் அளவை) 256 எம்பி, மேல் எல்லையை 1 ஜிபி என்று வைத்துப் பாருங்கள். பைட்ஸில் வைத்தால் அதற்குரிய ரேஷியோ பூஜ்யமாகிவிடும், பதற வேண்டாம்.

யூபிஎஸ் இருக்கிறதே என்று பேரியரை (டிஸ்க் தன் கேஷில் உள்ளதை நிலையாக எழுதும்படி கெர்னல் அனுப்பும் ஃபிளஷ் கட்டளையை) அணைக்காதீர்கள். மெஷினுக்குள் இருக்கும் பவர் சப்ளை எரிந்தால் யூபிஎஸ் என்ன செய்யும்? கேஷைக் காக்கும் கெபாசிட்டர் உள்ள எஸ்எஸ்டி வாங்கினால் அணைக்கத் தேவையே இராது. கெர்னல் அமைப்புகளை ஃபைல்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் டிஸ்க்கின் ரைட் கேஷ் ஃபைலில் ‘ரைட் த்ரூ’ என்று எழுதினால் டிஸ்க்கின் கேஷ் அணைவதில்லை. கெர்னல் ஃபிளஷ் அனுப்புவதை மட்டும் நிறுத்திக்கொள்ளும், பாதுகாப்பு இன்னும் மோசமாகும். சாட்டா டிஸ்க்கில் கேஷை உண்மையில் அணைக்க எச்டிபார்ம் கட்டளை இருக்கிறது.

பென் டிரைவில் காப்பி 100 சதவீதம் காட்டியதும் பிடுங்குவது எல்லாருக்கும் பழக்கம். கெர்னல் ரேம் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ ஃபைலில் டர்ட்டி, ரைட்பேக் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள், பல நூறு எம்பி இன்னும் நிற்பது தெரியும். அன்மவுண்ட் கொடுத்தால் அது முடியும்வரை காத்திருந்துதான் திரும்பும். திரும்பிய பிறகு கையை வைக்கலாம்.