டன்விச் ஹீத்தில் ஒரு நாள்: சைக்கிளை எங்கே விடுவது, எங்கிருந்து நடப்பது

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் கடலோரத்தில் இருக்கிறது டன்விச் ஹீத். மணல் மண், முழங்கால் உயரப் புதர்கள், அப்பால் வட கடல். ஆகஸ்டில் ஹெதர் என்னும் குறும்புதர் பூத்து நிலமெல்லாம் ஊதாவாகிவிடும். முதல் முறை போனபோது பாதி நாளைச் சைக்கிளைத் தள்ளியே கழித்தேன். இரண்டாம் முறை பிடிபட்ட வழி இது.

1. இப்ஸ்விச்சிலிருந்து லோஸ்டாஃப்ட் போகும் ரயிலில் ஏறி டார்ஷமில் இறங்குங்கள். சைக்கிளுக்கான இடம் குறைவு என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நிலையத்தை ஒட்டியே ஏ12 நெடுஞ்சாலை ஓடுகிறது. அதை விட்டு விலகி, சிறு சாலைகளில் வெஸ்டில்டன் வந்துசேருங்கள். பெரிய மேடு எதுவும் இல்லை.

2. டயர். பந்தய சைக்கிள் வேண்டவே வேண்டாம். 25 மி.மீ. டயர் இந்த மணலில் கத்தி போல இறங்கும். நான் 40 மி.மீ. போட்டு, காற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறேன். மஞ்சள் பூப் பூக்கும் கோர்ஸ் புதரில் இலைக்குப் பதில் முள்தான். மாற்று டியூப் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

3. நான் சறுக்கியது இங்கேதான். வரைபடத்தில் ஹீத் முழுவதும் 'பொது அனுமதி நிலம்' என்று நிறமிட்டிருந்தது. அனுமதி என்றால் சைக்கிளுக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டேன். எதிரே வந்த பெரியவர் ஒருவர் மிகப் பணிவாக என்னைச் சைக்கிளிலிருந்து கீழே இறக்கினார். 2000ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அந்த உரிமை நடப்பவர்களுக்கு மட்டும்தான். சைக்கிளுக்கு உரிமை தந்தது 1968ஆம் ஆண்டுச் சட்டம். அதுவும் குதிரைப் பாதைகளில்தான், நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கம்பங்களில் நீல அம்பு இருந்தால் குதிரைப் பாதை, ஓட்டலாம். மஞ்சள் அம்பு நடைவழி, ஓட்டக்கூடாது. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவுள்ள வரைபடத்தில் பச்சை நிற நீளக்கோடுகள் குதிரைப் பாதை, குட்டைக்கோடுகள் நடைவழி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். கைப்பேசிச் செயலிகள் இந்த வேறுபாட்டைப் பல சமயம் விழுங்கிவிடுகின்றன. எனக்குக் காகித வரைபடம்தான்.

4. ஆகவே தார்ச்சாலையிலேயே ஹீத்தின் கடலோர முனைக்குப் போங்கள். குன்றின் மேல் வெள்ளையடித்த பழைய கடலோரக் காவலர் வீடுகள் தெரியும். அங்கே சைக்கிளைப் பூட்டிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு நடங்கள். தெற்கே மின்ஸ்மியர் சதுப்பு, அதற்கும் அப்பால் சைஸ்வெல் அணுமின் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடம். இங்கிலாந்தில் இனப்பெருக்கமே நின்றுபோயிருந்த அவோசெட் என்னும் நீர்க்கரைப் பறவைகள் 1947இல் இந்த மின்ஸ்மியரில் மீண்டும் கூடு கட்டின. கூழாங்கல் கரையில் நடப்பது ஓர் அடி முன்னே, அரை அடி பின்னே என்றுதான் போகும். நான் கரைக்குப் பின்னாலுள்ள பாதையில்தான் நடப்பேன்.

5. திரும்பும்போது டன்விச் ஊருக்குள் ஒரு சுற்று. ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். 1286இல் தொடங்கிய பெரும்புயல்கள் அதைச் சிறிது சிறிதாகக் கடலுக்குள் இழுத்துக்கொண்டன. ஊர் சுருங்கிய பிறகும் 1832 வரை நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது! 1904க்கும் 1919க்கும் இடையில் ஒரு தேவாலயமே துண்டு துண்டாகச் சரிந்து விழுந்த குன்று இது. விளிம்புக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டாம்.

பிற்சேர்க்கை: அரைக்கால் சட்டை போதுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். போதாது. புதர்களில் உண்ணி உண்டு. காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள், அழகைப் பார்க்காதீர்கள். வெயில் காயும் ஆடர் என்னும் விரியன் பாம்பும் கண்ணில் படலாம். சற்று நின்றால் அதுவே விலகிப் போய்விடும்.

இன்னொருவர், மாலை நான்கு மணிக்குப் போய், நைட்ஜார் என்னும் இரவுப் பறவையின் குரல் கேட்கவில்லை என்று குறைபட்டிருந்தார். அந்த நேரத்தில் எப்படிக் கேட்கும்? ஜூனில், பொழுது சாய்ந்த பிறகு காத்திருங்கள். தையல் இயந்திரம் ஓடுவதுபோல் கேட்கும். அதற்கு முன் கடைசி ரயிலின் நேரத்தையும் சைக்கிள் விளக்கின் சார்ஜையும் பார்த்துவிடுங்கள்.