டி செல்லுக்கு தெரிஞ்ச வைரஸ்னா நமக்கு ஒண்ணும் ஆகாதா?

2020ல ஓடுன பேச்சு இது. டி செல்னா நோய எதிர்க்கற ஒரு வகை ரத்த வெள்ளையணு. கொரோனா வர்றதுக்கு முன்னாடியே, 2015ல இருந்து 2018க்குள்ள எடுத்து வச்சிருந்த ரத்தத்த கலிபோர்னியால லா ஹோயா இன்ஸ்டிட்யூட்ல டெஸ்ட் பண்ணாங்க, ஏறக்குறைய பாதி பேரோட டி செல் புது வைரஸ் துண்டுகளுக்கு ரியாக்ட் ஆச்சு. சளி கொடுக்கற பழைய கொரோனா வைரஸ் நாலு ஏற்கனவே ஊர சுத்திட்டிருக்கே, அத பாத்துப் பழகின டி செல் இதையும் கண்டுபுடிக்குது. உடனே "பாதி ஜனத்துக்கு இம்யூனிட்டி இருக்கு, மாஸ்க் எதுக்கு"ன்னு ஒரு கூட்டம் கிளம்பிடுச்சு.

இதான் முதல் தப்பு. வைரஸ் செல்லுக்குள்ள நுழையறத தடுக்கறது ஆன்டிபாடி வேலை, அது வைரஸ் மேல போய் ஒட்டிக்கற ஒரு புரதம். டி செல்லுக்கு வைரஸே நேரா தெரியாது, தொற்று வந்த செல் தன் மேல எடுத்து நீட்டற சின்ன துண்டுதான் தெரியும், அதனால தொத்திக்கிட்ட அப்புறம்தான் அதுக்கு வேலையே ஆரம்பிக்குது. 2009 பன்றிக் காய்ச்சல் நேரத்துல லண்டன்ல பாத்தாங்க, ஃப்ளூ வைரஸோட மாறாத உள்பகுதிய அடையாளம் காணற டி செல் அதிகம் இருந்தவங்களுக்கும் தொத்துச்சு, ஆனா நோய் லேசா போச்சு.

லேப்ல ரியாக்ட் ஆனா எல்லாருக்கும் ஒரே பலன்னு நினைக்கறதும் தப்பு. செல் மேல அந்த துண்ட எடுத்து நீட்டற புரதத்துக்கு எச்எல்ஏன்னு பேரு, அது ஆளுக்கு ஆள் வேற. அதுல பி1501னு ஒரு வகை இருக்கறவங்க பல பேருக்கு கொரோனா வந்ததே தெரியலன்னு 2023ல வந்துச்சு. காரணத்த தோண்டிப் பாத்தா, ஸ்பைக்ல, அதாவது வைரஸ் மேல முள்ளு மாதிரி நிக்கற புரதத்துல, ஒன்பதே அமினோ அமிலம் இருக்கற ஒரு துண்டு, பழைய சளி வைரஸ்ல இருக்கறதுக்கும் இதுக்கும் எட்டாவது இடத்துல மட்டும்தான் வித்தியாசம்! அந்த வகை இல்லாதவங்களுக்கு இந்த லக் கிடையாது.

இப்போ டெங்கு. இங்கதான் ரொம்ப குழப்பறாங்க. நாலு வகை இருக்கு, ஒண்ணு வந்தா அந்த வகைக்கு மட்டும்தான் நீண்டகால பாதுகாப்பு, மத்ததுக்கு சில மாசம்தான், அப்புறம் வேற வகை வந்தா சில பேருக்கு முதல் தடவைய விட மோசமாகுது. இதுக்கு முக்கியமா சொல்றது அரைகுறையா ஒட்டற ஆன்டிபாடிய, அது வைரஸ தடுக்காம செல்லுக்குள்ள போக வழி பண்ணிடுதாம். தாய்லாந்து குழந்தைங்க கிட்ட 2003ல பாத்தப்போ, டி செல்லும் இப்போ இருக்கற வகைய விட பழைய வகையோட நல்லா ஒட்டுச்சு, சரி டி செல்தான் வில்லன்னு முடிவு கட்டிட்டாங்க. 2013ல இலங்கை ரத்த தானக்காரங்க ரத்தத்த பாத்தா கதை மாறுது, நோய்லருந்து காப்பாத்தற எச்எல்ஏ வகைக்காரங்க கிட்டதான் டி செல் பலமா வேலை செஞ்சுது.

டெங்குக்கு வந்த டெங்வாக்சியா தடுப்பூசில மேல்பகுதி மட்டும் டெங்கு, உள்ள இருந்தது மஞ்சள் காய்ச்சல் வைரஸ். அதாவது டெங்குவோட டி செல்லுக்கு முக்கியமான உள்துண்டுங்க பெரும்பாலும் அதுல இல்ல. டெங்கு வந்தே இருக்காத குழந்தைங்களுக்கு ஊசி போட்டா, அப்புறம் டெங்கு வரும்போது ஆஸ்பத்திரி போற அபாயம் கூடுதுன்னு 2017 நவம்பர்ல ஊசிய தயாரிச்ச கம்பெனியே சொல்லுச்சு, பிலிப்பைன்ஸ்ல அதுக்குள்ள 8 லட்சத்துக்கும் மேல குழந்தைங்களுக்கு போட்டாச்சு. உள்துண்டு இல்லாததும் ஒரு காரணமா இருக்கலாம்னு ஒரு கருத்து, ஆனா பழிய முழுசா அது மேல போடறதும் அவசரம்தான்.

அதனால "எனக்கு ஒரு தடவ டெங்கு வந்துடுச்சு, பாடி பழகிடுச்சு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ரெண்டாவது தடவதான் ஜுரம் இறங்கற நேரத்துல வயித்துவலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம் இதெல்லாம் இருக்கான்னு இன்னும் உன்னிப்பா பாக்கணும்.