கல்லு காந்தத்துல ஒட்டுதா? அவசரப்பட்டு முடிவு பண்ணிடாதீங்க

போன மழைக்காலத்துல ஒரு நாள் ராத்திரி என் கல்லு கலெக்ஷன் அலமாரிய தூசி தட்டிட்டு இருந்தேன். புனே பக்கத்து குவாரிலேருந்து வந்த அபோஃபிலைட்ங்கற பச்சை கிரிஸ்டல் ஒண்ணு, உள்ளங்கை அளவு, அதை மேசைமேல வச்சேன். பக்கத்துல கெடந்த சின்ன நியோடிமியம் காந்தம், சின்னதா இருந்தாலும் பயங்கர சக்தி, தானா உருண்டு வந்து அதோட அடியில டக்குனு ஒட்டிக்கிச்சு. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, ஏன்னா அபோஃபிலைட்ல இரும்புன்னு சொல்ற மாதிரி எதுவுமே இல்ல, பொட்டாசியம் கால்சியம் சிலிக்கா ஃப்ளோரின் தண்ணி அவ்ளோதான், அந்த பச்சை நிறம்கூட வனேடியத்தால வர்றது. அப்ப இது போலியா, பசை போட்டு ஒட்டுனதான்னு யோசிச்சு வித்தவருக்கு ஃபோன் போட கை வரைக்கும் போயிடுச்சு.

போடல, நல்லவேளை. 10 எக்ஸ் லென்ஸ் வச்சு பாத்தா கிரிஸ்டலுக்கு அடியில நகம் கனத்துக்கு கருப்பா பாறை ஒட்டி இருக்கு. அது தக்காண எரிமலைப் பாறை, பசால்ட், ஏறக்குறைய 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி குழம்பா ஓடுனது. அதுக்குள்ள டைட்டனோமேக்னடைட்னு இரும்பு கலந்த பொடிப்பொடியா கருப்பு மணிங்க இருக்கும், காந்தத்தை இழுத்தது அதுதான். கிரிஸ்டல் மேல காந்தத்தை வச்சா வழுக்கி விழுது, அடியில வச்சா ஒட்டுது.

ரொம்ப பேர் பண்ற முதல் தப்பு இதுதான், மொத்த பீஸையும் ஒரே பொருளா நினைச்சுக்கறது. நம்ம கையில இருக்கறது பெரும்பாலும் ரெண்டு மூணு கனிமம் சேந்த கட்டி, அடிப்பாறை வேற, மேல வளந்தது வேற, கிரிஸ்டலுக்குள்ள மாட்டிக்கிட்டது வேற. அதனால பெரிய காந்தத்தை பீஸ்கிட்ட கொண்டுபோகாதீங்க, 3 மில்லிமீட்டர் காந்தம் ஒண்ணை நூல்ல கட்டி தொங்கவிட்டு ஒவ்வொரு இடமா மெதுவா காட்டுங்க, எந்த இடத்துல நூல் சாயுதுன்னு பாருங்க. பெரிய காந்தம்னா இன்னொரு தொல்லையும் உண்டு, அடிப்பாறை இழுக்குற வேகத்துல கைய மீறி பாஞ்சு கிரிஸ்டல் நுனிய ஒடச்சிடும்.

அடுத்த தப்பு, "ஒட்டுச்சு, ஒட்டல"ன்னு ரெண்டே பதில்தான் இருக்குன்னு நம்பறது. நடுவுல ஒரு பெரிய கூட்டமே இருக்கு. இரும்பு, மாங்கனீசு அணுக்கள்ல ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இருக்கு, அது இருக்குற பல கல்லு காந்தத்துல போய் ஒட்டாது, ஆனா லேசா இழுபடும். கார்னெட், ரோடோக்ரோசைட், சைடரைட் எல்லாம் இந்த வகை. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலை பிரிக்கறதே இப்படித்தான், காந்த இயந்திரத்துல போட்டா இல்மனைட் ஒரு பக்கம், அதைவிட கம்மியா இழுபடற கார்னெட்டும் மோனசைட்டும் வேற பக்கம், சிர்க்கானும் ரூட்டைலும் கண்டுக்காம போயிடும். இந்த லேசான இழுப்பை ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்தை வச்சு பாக்கவே முடியாது, அதோட இழுப்பு ரெண்டு மூணு மில்லிமீட்டர் தள்ளினாலே தீந்துடும், நியோடிமியம்தான் வேணும்.

வீட்ல பாக்கணும்னா ஒரு கிண்ணத்துல தண்ணி ஊத்தி சின்ன தெர்மாகோல் துண்டை மிதக்கவிட்டு அதுமேல கல்லை வைங்க, ஃபேனை ஆஃப் பண்ணிடுங்க, காந்தத்தை தொடாம பக்கத்துல கொண்டுவாங்க. அல்மண்டைன்ங்கற செவப்பு கார்னெட்னா அந்த தெர்மாகோல் கன்னுக்குட்டி மாதிரி பின்னாடியே வரும், பாக்கறதுக்கே அவ்ளோ சந்தோஷமா இருக்கும். மாணிக்கம்னு சொல்லி கார்னெட்டை வித்திருந்தா இதுல சந்தேகம் வந்துடும், மாணிக்கம் பெரும்பாலும் அசையாம நிக்கும். ஆனா அசையலன்னா மாணிக்கம்தான்னு அடிச்சு சொல்லிடாதீங்க, ஸ்பினல்ங்கற இன்னொரு செவப்பு கல்லும் அப்படியேதான் நிக்கும், அதுக்கு மேல ஒரு ஜெம் லேப்லதான் பாக்கணும்.

ஹெமடைட்ங்கற இரும்புத் தாது விஷயத்துல ஜனங்க ஏமாறுறதை பாத்தா மனசு கஷ்டமா இருக்கு. "காந்த ஹெமடைட்"னு சொல்லி வளையல், மாலை விக்கறாங்களே, மணியும் மணியும் ஒண்ணோட ஒண்ணு பசக்குனு ஒட்டும், அது பூமியில வெளஞ்ச ஹெமடைட் இல்ல, ஃபேக்டரில செஞ்ச ஃபெரைட், ஸ்பீக்கர்ல இருக்குற காந்தத்தோட உறவு. இயற்கை ஹெமடைட் காந்தத்துக்கு ரொம்ப லேசாத்தான் பதில் சொல்லும். அதுக்காக நல்லா இழுத்தா எல்லாம் போலின்னும் சொல்லமுடியாது, ஏன்னா மார்ட்டைட்னு ஒண்ணு இருக்கு, ஒரு காலத்துல மேக்னடைட்டா (காந்தம் பலமா இழுக்குற கருப்பு இரும்புத் தாது) இருந்து உருவம் மாறாம ஹெமடைட்டா ஆனது, எட்டு முகம் அப்படியே இருக்கும், உள்ள மாறாத மேக்னடைட் கொஞ்சம் மிச்சம் இருந்தா நல்லாவே இழுக்கும். டைல்ஸோட பின்பக்கம் வழவழப்பு இல்லாத இடத்துல கல்லோட வெளிய தெரியாத ஒரு ஓரத்தை உரசிப் பாருங்க, ஹெமடைட் செங்கல் பொடி மாதிரி கோடு போடும், மேக்னடைட் கருப்பா போடும்.

பைரைட்டும் அப்படித்தான், தங்கக் கலர்ல மின்னுறதால இரும்பு இருக்கு, காந்தம் இழுக்கும்னு நினைக்கறாங்க. இரும்பு இருக்கு, இழுக்காது. இழுத்தா கூடவே பைரோடைட்ங்கற, காந்தம் இழுக்கற இன்னொரு கனிமம் கலந்திருக்கான்னு பாருங்க, அது கொஞ்சம் செம்பழுப்பு சாயல்ல இருக்கும். சூடு பண்ணியிருக்காங்களான்னும் விசாரிங்க, சைடரைட்டை சுட்டா மேக்னடைட்டா மாறிடும், அப்ப சாதுவா இருந்த கல்லு திடீர்னு காந்தத்துல தாவும்.

நம்ம ஊர்லயே ஒண்ணு இருக்கு, நாமக்கல் பக்கம் கெடைக்கற கருப்பு ஸ்டார் டயாப்சைட், வெளிநாட்டுல "பிளாக் ஸ்டார் ஆஃப் இந்தியா"ன்னு விக்கறது. மேல லைட் அடிச்சா நாலு கதிர் நட்சத்திரம் ஓடும். காந்தத்தை இழுக்குதேன்னு அதை குறையுள்ள கல்லுன்னு ஒதுக்கிடாதீங்க, உள்ள வரிசையா அடுக்கின மேக்னடைட் ஊசிங்கதான் அந்த நட்சத்திரத்தையே உண்டாக்குது, இழுக்கறதும் அதேதான். கருப்பு ஸ்டார் சஃபையர்னு சொல்லி யாராவது குடுத்தா கதிரை எண்ணுங்க, சஃபையருக்கு ஆறு, இதுக்கு நாலு.

கல்லுக்கு சம்பந்தமே இல்லாத இரும்பும் ஏமாத்தும். உளி பட்ட தடம், கம்பி பிரஷ் போட்டு தேச்சப்ப உடைஞ்சு மாட்டுன முனை, ஒடஞ்ச கிரிஸ்டலை நிறுத்த உள்ள சொருகுன ஆணி, இதெல்லாம் நான் கண்ணால பாத்திருக்கேன். பழைய டூத் பிரஷ் வச்சு கழுவி, காயவச்சு, மறுபடி டெஸ்ட் பண்ணுங்க. தண்ணியில கரையற கல்லா இருந்தா கழுவாதீங்க, காஞ்ச பிரஷ் போதும். அப்புறம் டூர்மலைன், சூடு பண்ணா தூசி சாம்பல் எல்லாம் இழுக்கும், அது காந்தமே இல்ல, மின்சாரம். 1700கள்ல இலங்கையிலேருந்து அதை கொண்டுபோன டச்சுக்காரங்க அதுக்கு சாம்பல் இழுக்கற கல்லுன்னே பேர் வச்சாங்க. பஞ்சு, பேப்பர் துண்டு இழுபட்டா அதை காந்தம்னு முடிவு பண்ணாதீங்க.

கடைசியா ஒண்ணு, இதை கெஞ்சியே கேக்கறேன். காந்தம் ஒட்டுற கல்லெல்லாம் விண்கல் இல்ல, மேக்னடைட்டும் பசால்ட்டும் இரும்பு உருக்குன கசடும்தான் அதிகம். ஆனா நெஜமாவே விண்கல்லா இருக்கலாம்னு தோணுச்சுன்னா அதுமேல நியோடிமியத்தை வைக்காதீங்க. அந்த கல்லுக்குள்ள அது உருவான கிரகம், சிறுகோளோட பழைய காந்தப்புலம் பதிஞ்சிருக்கலாம், நம்ம காந்தம் ஒரு தடவை பட்டாலே அழிஞ்சிடும், திரும்ப வரவே வராது. செவ்வாயிலேருந்து வந்து சகாராவுல கெடைச்ச நார்த்வெஸ்ட் ஆப்பிரிக்கா 7034ங்கற கருப்பு கல்லோட துண்டுகளை ஆராய்ச்சி பண்ணவங்க, கைக்காந்தம் பட்டு அந்த பழைய பதிவு போயிருந்ததை 2023ல எழுதியிருக்காங்க. இயற்கையாவே காந்தமா இருக்குற லோட்ஸ்டோனுக்கும் இதே கதிதான். அதுக்கு பதிலா ஒரு சாதா திசைகாட்டிய மேசைமேல வச்சு கல்லை பக்கத்துல மெதுவா நகத்துங்க, ஊசி ஆடுதா இல்லையான்னு தெரிஞ்சுடும்.