பேனாவுல நிஜம், பென்சில்ல கற்பனை: நாமளே ஒரு கிரகம் செய்யலாம் வாங்க

கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் போயிட்டு வந்த ஜோர்ல அக்கா பொண்ணும் நானும் ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கிரகம் வரைஞ்சோம், நிஜ அளவு, ஊதா காடு, மூணு நிலா எல்லாத்தையும் ஒரே பேனாவுல எழுதிட்டோம், கிளாஸ்ல ஒரு பையன் "அந்த மூணு நிலாவ யாரு கண்டுபிடிச்சாங்க"ன்னு கேக்க இவ திருதிருன்னு முழிச்சிருக்கா. அதான் இந்தத் தடவை நிஜம் பேனாவுல, கற்பனை பென்சில்ல.

ஸ்டெப் 1: நாசா எக்ஸோபிளானட் ஆர்க்கைவ் சைட்டுக்குப் போங்க (வேற நட்சத்திரங்களைச் சுத்துற கிரகங்களோட பட்டியல்), ஃப்ரீதான். டிராப்பிஸ்ட்-1இ-ன்னு தேடுங்க. சுமார் 40 ஒளியாண்டு தூரம், டிராப்பிஸ்ட்-1ங்கற நட்சத்திரத்துக்கு மொத்தம் 7 கிரகம்னு 2017 பிப்ரவரில அறிவிச்சாங்களே, அதுல ஒண்ணு. ஒரே கிரகத்துக்கு நாலஞ்சு வரிசை நம்பர் வரும், பயந்துடாதீங்க, ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு வரிசை. ஏதாவது ஒரே வரிசையில இருந்து எடுங்க, கலந்தா கணக்கு ஒதைக்கும்.

பேனாவுல எழுத வேண்டியது: ஆரம் பூமியைப் போல 0.92 மடங்கு, நிறை 0.69 மடங்கு, நட்சத்திரத்தை ஒரு சுத்து சுத்த 6.1 நாள்.

ஸ்டெப் 2: சின்ன கணக்கு. நிறையை ஆரத்தோட வர்க்கத்தால வகுத்தா ஈர்ப்பு, கிட்டத்தட்ட 0.82. இங்க 60 கிலோ காட்டுற ஆளுக்கு அங்க மெஷின் 49 காட்டும். வருஷமே 6.1 நாள்தான்ங்கறதால 30 வயசுக்காரருக்கு அங்க 1,800 வயசு கிட்ட ஆயிடும் (அக்கா இதை மட்டும் ரசிக்கல).

ஸ்டெப் 3: இப்ப பென்சில எடுங்க. ஒவ்வொரு கற்பனையும் ஏதாவது ஒரு பேனா நம்பர்ல இருந்து கிளம்பணும், அம்புக்குறி போட்டுக் காட்டுங்க, போட முடியலன்னா அழிச்சிடுங்க. நட்சத்திரத்தை அவ்ளோ ஒட்டி சுத்துறதால நம்ம நிலா மாதிரி ஒரே முகத்தைக் காட்டிட்டு இருக்கும்னுதான் பெரும்பாலும் கணிக்கிறாங்க, இதை பேனாவுல எழுதி பக்கத்துல கேள்விக்குறி போடுங்க. அப்படின்னா ஒரு பாதி எப்பவும் பகல், இன்னொரு பாதி எப்பவும் ராத்திரி, நடுவுல வளையமா ஒரு இடத்துல முடியவே முடியாத சாயங்காலம். எங்க ஊரை அங்கதான் வெச்சோம், மெரினாவுல ஆறு மணி அப்படியே நின்னுட்ட மாதிரி, சுண்டல்காரர் கடையை மூடவே மாட்டாரு. காத்து? மத்தியானம் தரை சூடாகி காத்து மேல போனா கடல் பக்கத்துல இருந்து குளிர்ந்த காத்து உள்ள வருதுல்ல, அதே மாதிரி அங்க ராத்திரி பக்கத்துல இருந்து பகல் பக்கம் வீசும்னு விட்டோம். அங்க வளிமண்டலம் இருக்கான்னே இன்னும் உறுதியாகல, அதனால இது முழுக்க பென்சில்.

மூணு நிலாவுக்கு அம்புக்குறி எங்கயும் கிடைக்கல, அழிச்சாச்சு, பாப்பா மூஞ்சி தொங்கிடுச்சு. அப்புறம் பக்கத்து கிரகங்களோட தூரத்தையும் ஆரத்தையும் போட்டுப் பாத்தா, இ-க்கு ரெண்டு பக்கமும் இருக்கற டிராப்பிஸ்ட்-1டியும் 1எஃப்பும் கிட்ட வர்றப்ப அங்க இருந்து நம்ம நிலா சைஸுக்குத் தெரியும்னு வந்துச்சு. "மாமா, ரெண்டையும் பேனாவுல எழுதலாம்ல?"ன்னா.

எழுதினோம்.