பம்ப் போயிருச்சு என்று சொல்வதற்கு முன்னால்

பொள்ளாச்சி - தாராபுரம் ரோட்டில், குடிமங்கலம் நால்ரோடு வருவதற்குச் சற்று முன்னால் என் பிக்கப் மூன்றாவது தடவையாக நின்றது. பின்னால் உரித்த தேங்காய் முழு லோடு. காங்கேயத்தில் களத்துக்காரர் இறக்கு ஆட்களை உட்கார வைத்துக்கொண்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் அடிக்கிறார். அதற்குப் பத்து நாள் முன்புதான் டீசல் பம்ப்பைக் கழற்றி வேலை பார்க்க 22,000 ரூபாய் கொடுத்திருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் பேனட்டைத் தூக்கிவிட்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளீனர் பையன் டீசல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தான். புஸ்ஸென்று சத்தம்.

"ஏனுங்ணா, டேங்க்கு மூச்சு இழுக்குதுங்க" என்றான்.

விஷயம் அதுதான். மழைத்தண்ணீர் இறங்கக் கூடாது என்று மூடிக்கு அடியில் பாலிதீன் கவரை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியவன் நானே. மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன வழி இருக்கும்; கவர் அதை அடைத்துவிட்டது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் டேங்க் டீசலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி முப்பது நாற்பது கிலோமீட்டர் நன்றாக ஓடும், அப்புறம் இழுவை குறையும், நிற்கும். அரை மணி நேரம் ஓரமாகப் போட்டால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும், மறுபடி ஸ்டார்ட் ஆகும். கவரைப் பிய்த்து எறிந்தேன். காங்கேயம் வரை ஒரு இருமல்கூட இல்லை.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் என் வண்டியில் யார் பம்ப்பைக் கழற்ற வேண்டும் என்றாலும், அதற்கு முன்னால் இருக்கிற எல்லாவற்றையும் நானே பார்த்து முடித்த பிறகுதான். எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

டீசல் வண்டியில் பம்ப் வேலை இரண்டு. டேங்க்கிலிருந்து டீசலை இழுத்து ஃபில்டர் வழியாக அனுப்புவது ஒன்று. அதை ஃபீட் பம்ப் என்போம். சில வண்டியில் அது டேங்க்குக்குள் கரண்டில் ஓடும், சிலவற்றில் பெரிய பம்ப்போடு ஒட்டியே இருக்கும். அந்தப் பெரிய பம்ப்தான் இரண்டாவது. வந்த டீசலை நசுக்கி, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலுக்குத் தள்ளும். காமன் ரயில் வண்டியில் (ரயில் என்கிற ஒரே பொதுக் குழாயில் டீசலை அழுத்தி வைத்து எல்லா நாசிலுக்கும் பிரிக்கிற புது ரகம்) லோடு ஏறும்போது இந்த அழுத்தம் 1,600 பாரைத் தொடும், சில வண்டியில் தாண்டும். பார் என்பது அழுத்தத்தின் அளவு. நாம் டயரில் அடிக்கிற காற்று நாலைந்து பார்தான் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உங்கள் விரல். எஞ்சின் ஓடும்போது ரயில் குழாயிலோ நாசில் குழாயிலோ கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத பிசிறாக வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் முள் குத்தின மாதிரிதான் இருக்கும், வலிகூடப் பெரிதாகத் தெரியாது. சில மணி நேரத்தில் கை வீங்கி, விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போகும். அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். கசிவு பார்க்க ஒரு அட்டைத் துண்டு போதும், அதை நீட்டினால் ஈரம் காட்டிக்கொடுக்கும். எஞ்சினை நிறுத்தின பிறகும் பத்து நிமிஷம் விட்டுத்தான் அந்தக் குழாய்ப் பக்கம் ஸ்பேனரைக் கொண்டுபோக வேண்டும்.

சரி, வண்டி நின்றுவிட்டது. ஓரம் கட்டி, இண்டிகேட்டரைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அவசரப்பட்டு செல்ஃப் அடிக்காதீர்கள். எப்படி நின்றது என்பதை முதலில் யோசியுங்கள், பாதி விடை அதில் இருக்கிறது. சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி பட்டென்று நின்றதா? அப்படியென்றால் கரண்ட் பக்கம் பாருங்கள்: ஃப்யூஸ், ரிலே (கரண்டைத் திறந்து மூடுகிற சின்னப் பெட்டி), கிராங்க் சென்சார் (எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது). மேட்டில் மூச்சு வாங்கி, ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க இழுக்காமல், உதறிக்கொண்டே நின்றதா? டீசல் வரத்து குறைகிறது. ஃபில்டர், காற்று, டேங்க் பக்கம் போங்கள். ராத்திரி நிறுத்திக் காலையில் நீளமாக செல்ஃப் வாங்குகிறது, அப்புறம் நாள் முழுக்க ஒன்றும் இல்லை என்றால், பெரும்பாலும் எங்கோ ஒரு ஹோஸ் காற்று பிடித்து, டீசல் டேங்க்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது.

இப்போது ஒரே ஒரு தடவை செல்ஃப் அடியுங்கள், பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். ஒருவர் பின்னால் சைலன்சரைப் பார்க்கட்டும். வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ புகை வந்தால் டீசல் சிலிண்டர் வரை போகிறது. புகையே இல்லை என்றால் போகவில்லை. நீங்கள் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். எஞ்சின் சுற்றியும் முள் அசையவே இல்லை என்றால் கிராங்க் சென்சார்மேல் சந்தேகம் வையுங்கள். அந்தச் சென்சார் சொல்லாமல் வண்டியின் கம்ப்யூட்டர் நாசிலைத் திறக்காது. அதற்கும் பம்ப்புக்கும் சம்பந்தமில்லை.

டேங்க்குக்குள் கரண்ட் பம்ப் உள்ள வண்டி என்றால், சாவியை ஆன் செய்து காதைக் கொடுங்கள். இரண்டு மூன்று விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். இல்லையென்றால் ஃப்யூஸைப் பாருங்கள். அதே நம்பர் ரிலே ஹாரனுக்கும் இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், காசில்லாத டெஸ்ட்.

அடுத்தது கைப் பிரைமர், கையால் அமுக்கி டீசலை ஃபில்டர் வரை இழுக்கிற சாமான், எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டெதஸ்கோப் மாதிரி அது. ஃபில்டர் தலையில் அமுக்குகிற பட்டனாகவோ, ஹோஸ் நடுவில் ரப்பர்க் குமிழாகவோ இருக்கும். அமுக்குங்கள். பதினைந்து இருபது அமுக்கலில் கல் மாதிரி இறுகினால் அங்கே வரை டீசல் நிறைந்திருக்கிறது. எத்தனை அமுக்கினாலும் சொதசொதவென்று இருந்தால் காற்று பிடிக்கிறது, அல்லது டேங்க்கில் டீசலே இல்லை (கேஜ் முள்ளை நம்ப வேண்டாம், குச்சி விட்டுப் பாருங்கள்). குமிழ் அமுங்கினபடியே ஒட்டிக்கொண்டு திரும்ப உப்பவில்லை என்றால் டேங்க் பக்கம் அடைப்பு: மூடி, உள்ளே இருக்கும் சல்லடை, அல்லது நசுங்கின ஹோஸ். பம்ப்பைக் கழற்றக் கொடுப்பதற்கு முன்னால் நான் இதை அமுக்கிப் பார்த்திருந்தால் என் 22,000 ரூபாய் என்னிடமே இருந்திருக்கும்.

அப்புறம் ஃபில்டர். அடியில் தண்ணீர் இறக்கும் திருகு இருக்கும். ஒரு காலி வாட்டர் பாட்டிலைப் பிடித்து, கால் பாட்டில் இறக்கி, இரண்டு நிமிஷம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தனியாக நிற்கும். எங்கள் பக்கம் தேங்காய் மட்டையை நாராக்குகிற மஞ்சி மில்லுக்குள் போய் வருகிற வண்டிக்கு இன்னொரு தொல்லை, நார்த்தூள். டேங்க் மூடியைச் சுற்றி மெத்தை மாதிரி படிந்திருக்கும். துடைக்காமல் திறந்தால் நேராக உள்ளேதான். பங்க்கில் பையன் கை வைப்பதற்கு முன் நானே இறங்கித் துடைத்துவிடுவேன். அதனாலேயே கம்பெனி சொல்கிற கிலோமீட்டர் வரை காத்திராமல் முன்னதாகவே ஃபில்டர் மாற்றுகிறேன். பம்ப் விலைக்கு முன்னால் ஃபில்டர் விலை பீடிக் காசு.

இதற்கு மேலும் சந்தேகம் தீரவில்லை என்றால் கேன் டெஸ்ட் ஒன்று இருக்கிறது. ஐந்து லிட்டர் சுத்தமான கேனில் நல்ல டீசல். ஃபில்டருக்கு வருகிற ஹோஸைக் கழற்றி, கேனிலிருந்து ஒரு ஹோஸை அங்கே போடுங்கள். மிஞ்சின டீசலை டேங்க்குக்குத் திருப்புகிற ரிட்டர்ன் ஹோஸையும் கேனுக்கே திருப்பிவிடுங்கள். நடுவில் ஒரு முழம் உள்ளே தெரிகிற ஹோஸ் சேர்த்தால் காற்றுக் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். பிரைமர் அடித்து ஸ்டார்ட் செய்யுங்கள். கேனிலிருந்து வண்டி ஒழுங்காக ஓடினால் பெரிய பம்ப்பின்மேல் பழி போட வேண்டாம், கோளாறு டேங்க்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். வண்டியைத் தள்ளி நிழலில் விட்டு, எஞ்சின் சூடு ஆறின பிறகு இதைச் செய்யுங்கள், பீடியை அணைத்துவிட்டு.

குழாய்க்குள் சிக்கின காற்றை எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. பழைய வண்டியில் ஃபில்டர் தலைத் திருகைத் தளர்த்தி நுரை போகும் வரை பிரைமர் அடிப்போம், அப்புறம் பம்ப் திருகு, கடைசியில் நாசில் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி செல்ஃப் அடிப்போம். அந்தப் பழக்கத்தில் காமன் ரயில் வண்டியின் நாசில் குழாயைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிக்காதீர்கள். மேலே சொன்ன விரல் கதை அங்கேதான் நடக்கும். புது வண்டிக்கு ஃபில்டர் வரை பிரைமர் அடித்தால் போதும், மீதிக் காற்றை அதுவே ரிட்டர்னில் தள்ளிவிடும். பிரைமர் அடிக்காமல் செல்ஃப் மட்டும் அடித்துக்கொண்டே இருப்பது பம்ப்பைக் கொல்கிற வேலை. அந்தப் பம்ப்புக்குள் ஓடும் டீசல்தான் அதற்கு ஆயில். டீசல் இல்லாமல் சுற்றினால் இரும்பும் இரும்பும் உரசும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் பம்ப்பைத் தின்பதும் இதனால்தான், அதில் வழவழப்பு போதாது. 2020 ஏப்ரலில் புகை விதிக்கான பிஎஸ் 6 டீசல் வந்தபோது கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10-க்கு இறங்கியது. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயல்பான வழவழப்பும் போகிறது, அதை ஈடுகட்டத் தனியாக மருந்து சேர்க்கிறார்கள். சிலர் இதற்காக டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) ஊற்றுகிறார்கள். பழைய வண்டிக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். நான் புது வண்டியில் ஊற்றுவதில்லை, சைலன்சரில் வடிகட்டி இருக்கிறது, சாம்பல் அங்கே போய்ச் சேரும்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் கிளம்பவில்லை. இப்போது வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். அவரிடம் ஒன்று கேளுங்கள்: "செல்ஃப் அடிக்கும்போது ரயில்ல எத்தனை பார் ஏறுதுங்க?" பல வண்டிகளில் 200, 250 பாராவது ஏறினால்தான் நாசில் திறக்கும். ஏறவில்லை என்றாலும் உடனே பம்ப்பின்மேல் தீர்ப்பு எழுத வேண்டாம். நாசில் தேய்ந்து டீசலை ரிட்டர்னில் விட்டாலும் அழுத்தம் ஏறாது. நாலு நாசிலின் ரிட்டர்னுக்கும் நாலு பாட்டில் கட்டி செல்ஃப் அடித்தால் ஒன்று மட்டும் சீக்கிரம் நிறையும். குற்றவாளி அந்த நாசில். பம்ப்பின்மேல் இருக்கிற, டீசல் அளவைக் கட்டுப்படுத்துகிற வால்வும் ஒட்டிக்கொள்ளும், பல பம்ப்பில் அதை மட்டும் தனியாக மாற்றலாம்.

பம்ப்தான் என்று உறுதியானால், ஃபில்டரைக் கழற்றி டீசலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஜிகினா மாதிரி மின்னினால் பம்ப் உள்ளே அரைத்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தூள் ரயில், நாசில், ரிட்டர்ன் வழியாக டேங்க் வரை போயிருக்கும். புதுப் பம்ப்பை மட்டும் மாட்டினால் அதுவும் சீக்கிரமே அதே வழியில் போகும். டேங்க்கை இறக்கிக் கழுவி, குழாய்களை ஊதி, நாசிலை டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். செலவு கசக்கும். கடைக்காரர் "தேவையில்லீங்ணா" என்று சொன்னாலும் விடாதீர்கள். கழற்றின பழைய பம்ப்பையும் கேட்டு வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பூர்ப் பக்கம் இருக்கிற நமக்கு மட்டுமான ஒரு சங்கதி. ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்கக் கிடைப்பது பனியன் வேஸ்ட், பனியன் கம்பெனித் துணிக் கழிவு. கைக்கு நல்லது. டீசல் குழாய் வாய்க்கு ஆகாது, நூல் பிசிறு உள்ளே போகும். கழற்றின வாயை எல்லாம் உடனே சுத்தமான பிளாஸ்டிக் மூடியால் மூடச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன் புதுப் பம்ப்புக்குள் சுத்தமான டீசலை ஊற்றி நிரப்பச் சொல்லுங்கள். பல் சக்கரத்தில் நேரம் பொருத்துகிற மார்க் உள்ள பம்ப்பில், அந்த மார்க் சேர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கழற்றின நாசில் குழாய்களில் பல, ஒரு தடவை இறுக்கின பிறகு மறுபடி சரியாக உட்காராது. புதிது போடச் சொன்னால் அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மாட்டின பிறகு முதல் 500 கிலோமீட்டரில் ஃபில்டரை ஒரு தடவை மாற்றிவிடுங்கள். எடுத்ததைத் தூக்கிப் போடாமல் அறுத்து, உள்ளே இருக்கிற தாளை விரித்து வெயிலில் பாருங்கள்.