உப்புக் காத்து ஊர்ல பிள்ளைக்கு வண்டி வாங்குறது எப்புடி

கடையில மொதல்ல காட்டுறது லைட்டு, பாட்டு, கலரு. தொண்டியில இருந்து தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம்னு நம்ம கரைப்பக்கம் பூரா பாக்க வேண்டியது நட்டு போல்ட்டத்தான். 2025ல தெறந்த புது பாம்பன் பாலத்துக்கே உப்புக் காத்த தாங்கணும்னு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் தனி பெயிண்டும் போட்டிருக்காங்க, மூணு சக்கர சைக்கிள் எம்மாத்திரம்.

சட்டைப்பையில ஒரு சின்ன காந்தம் போட்டுக்கிட்டு போங்க. அச்சு போல்ட்டு, சீட்டுக்கு அடியில உள்ள கிளாம்ப்பு, ஹேண்டில்பார் ஸ்க்ரூ எல்லாத்துலயும் வச்சுப் பாருங்க, பச்சக்குன்னு ஒட்டுனா பெரும்பாலும் சாதா இரும்பு, மேல பளபளப்புதான் இருக்கும். அதுக்காக வண்டிய வேணாம்னு வர வேணாம், அதே சைஸ்ல ஸ்டெயின்லெஸ் போல்ட்டு வாங்கி மாத்திக்கலாம், ஸ்டெயின்லெஸ்ல 304, 316னு தரம் இருக்கு, 316 கெடச்சா 304ஐ விட உப்புக்கு நல்லாவே தாங்கும். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னும் பாருங்க, பொம்மைகளுக்கு 2021 ஜனவரியில இருந்து அது கட்டாயம்.

நடக்கப் பழகுற பிள்ளைக்கு மர நடைவண்டியே போதும். உள்ள உக்காந்து உருட்டுற ரவுண்டு வாக்கர் மட்டும் வேணாங்க, வேகமா உருண்டு போயி படியில கவுந்துரும், கனடாவுல 2004லயே அத தடை பண்ணிட்டாங்க.

ரெண்டு வயசு தாண்டுனா பெடல் இல்லாத பேலன்ஸ் சைக்கிள். "வளந்துருவான்ல, பெருசாவே வாங்கு"ன்னு வீட்டுல பெருசுங்க சொல்லுவாங்க, கேக்காதீங்க. பிள்ளைய செவுத்தோட நிக்க வச்சு கால் இடுக்குல ஒரு நோட்டப் புடிச்சு தரைக்கும் அதுக்கும் உள்ள உயரத்த அளந்துக்கங்க, சீட்டு அதுக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர் கீழ இருக்கணும், உக்காந்தா ரெண்டு பாதமும் முழுசா தரையில படணும், நுனிக்கால் பட்டா பத்தாது.

டயர்லதான் நம்ம ஊருக்குன்னு ஒரு சிக்கல். மணல்ல ஓட காத்தடிக்கிற அகலமான டயர்தான் நல்லது, ஆனா தெருவுக்கு தெரு சீமைக்கருவேல முள்ளு, வாரம் ஒரு பஞ்சர் ஆகும். ஃபோம் டயருக்கு பஞ்சர் பயம் இல்ல, ஆனா மணல்ல பொதையும், ஈரமான சிமிண்டு தரையில வழுக்கும். முள்ளுக்காடு பக்கம் வீடுன்னா ஃபோம், கடற்கரை மணல் பக்கம்னா காத்து டயர், என் கணக்கு அவ்வளவுதான்.

பேட்டரி காரு எனக்குப் புடிக்காது, சொல்லிடுறேன். பொடி மணல் கியர் பெட்டிக்குள்ள போனா கரகரன்னு சத்தம் வந்து பல்லு தேஞ்சுரும். வாங்கியே தீருவோம்னா முற்றத்தோட நிறுத்திக்கங்க, லெட் ஆசிட் பேட்டரின்னா சார்ஜ் எறங்குன நெலமையில போட்டு வைக்காதீங்க, ஓட்டலன்னாலும் மாசம் ஒரு தடவ சார்ஜ் போடுங்க, டெர்மினல்ல கொஞ்சம் வாசலின் தடவுங்க.

தொடைக்கிறதுக்கு ஹோஸ் பைப்பெல்லாம் வேணாம், கொடத்துக்கு காசு குடுத்து தள்ளுவண்டியில தண்ணி கொண்டார ஊர்ல அது யாருக்கு முடியும். நல்லதண்ணியில நனச்ச துணிய இறுக்கிப் புழிஞ்சு கம்பி, செயின் கவர், போல்ட்டு தலை எல்லாம் தொடச்சுட்டு காஞ்ச துணியால ஒரு தடவ, அப்புறம் செயினுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய். தேங்காயெண்ணெய் ஊத்தாதீங்க, மணல் அப்பிக்கும்.

அப்பா சைக்கிள்ல பின்னாடி உக்கார வச்சா சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கம்பி வலை கட்டாயம், ஸ்போக்ஸுக்குள்ள குதிகால் மாட்டுறது கொடுமையான காயம். பைக்னா சட்டமே இருக்கு, 9 மாசத்துல இருந்து 4 வயசு வரைக்கும் பிள்ளைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுறவங்களோட சேத்துக் கட்டுற பெல்ட்டும் போடணும், வேகம் 40ஐ தாண்டக் கூடாது. ஆடிக் காத்துல பாம்பன் ரோட்டுப் பாலத்துல பெரியவங்க ஓட்டுற வண்டியே ஒரு பக்கமா தள்ளும், அந்த மாசம் பிள்ளையோட பஸ்ஸுல போயிருங்க.